மூன்றாவது ஓலை

மதுரையில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் இருபத்தாறு வருடம் வேதக் கதைகள் சொன்னேன். நன்றாகச் சொல்வேன் என்று பெயர். செங்கடல் பிளக்கிற இடத்தில் குரலை எவ்வளவு இறக்க வேண்டும், சிங்கக் குகையின் வாசலில் எத்தனை நொடி பேசாமல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஆனால் எண்ணாகமத்தில் ஓர் அதிகாரத்தை மட்டும் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. இறைச்சி கேட்டு ஜனங்கள் அழுத கதையை முடித்த கையோடு, கானான் தேசத்தை வேவு பார்க்கப் போனவர்களின் கதைக்குத் தாவிவிடுவேன். நடுவில் இருப்பது பன்னிரண்டாம் அதிகாரம், ஒரு பக்கத்துக்கும் குறைவு. மோசே வேற்றினத்துப் பெண் ஒருத்தியைக் கட்டியிருந்தான். அதற்காக அவனுடைய அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவனுக்கு விரோதமாகப் பேசினார்கள். அந்தக் கதை.

முதலில் அதைத் தாண்டிப் போனது கவனக்குறைவு. பிறகு தாண்டிப் போனது பயம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே தம்பி. என்னைவிடப் பத்து வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், அவனைப் படிக்கவைத்து, அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகச் சேரும்வரை பார்த்துக்கொண்டது நானும் என் மனைவியும்தான். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், சபைப் பாடகர் குழுவில் தன்னோடு பாடுகிற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அவள் வில்லாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுடைய அப்பா, திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் உபதேசியார். போதகர் மாதத்துக்கு ஒரு தரம் வந்து போகிற அந்தச் சின்ன ஆலயத்தில், மற்ற நாள்களில் ஜெபம் நடத்துகிறவர். பெண்ணிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, சாதியைத் தவிர.

இதை மூடி மறைத்து எழுதிப் பயனில்லை. ஒரே சபை, ஒரே பாட்டுப் புத்தகம், திருவிருந்தில் ஒரே கிண்ணம். பெண் எடுக்கவும் கொடுக்கவும் வந்தால் நாங்கள் வேறு, அவர்கள் வேறு. பிரசங்க மேடையில் யாரும் இதைப் பேச மாட்டார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் பேசுவார்கள்.

தம்பியிடம் நான் மறுப்புச் சொல்லவில்லை. பள்ளி ஆசிரியன், ஞாயிறு பள்ளிக்குக் கண்காணிப்பாளன், எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று வாராவாரம் சொல்லிக்கொடுக்கிறவன், எந்த வாயால் மறுப்பேன்? சபைக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் மணமகன் வீட்டுப் பெரியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்களின் பெயரை வாசித்து, தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டா என்று போதகர், எங்கள் பேச்சில் ஐயர், கேட்பார். ஓலை வாசிப்பது என்போம். மூன்று ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம் உறுதி. அதற்குள் சொந்தக்காரர்களில் எவராவது தடுத்துவிடுவார்கள், கெட்ட பெயர் எனக்கு வராமல் காரியம் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

முதல் ஓலைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. அன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என் மாமன் மகன், செருப்பைத் தேடுகிற சாக்கில் என் பக்கம் குனிந்து, "மாப்ள, கையெழுத்த நல்லா குண்டு குண்டாப் போட்டிருக்கியாமே. பந்தியில எங்களுக்குத் தனியா எல போடுவியா, இல்ல எல்லாரும் ஒண்ணா ஒக்காரணுமா?" என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு என் முகத்திலிருந்து இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மனைவி குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு இன்லண்ட் தாளில் இடது கையால் எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு ஊரில் தாய்மாமனோடு ஏற்கெனவே நிச்சயமாகி, பரிசமும் வாங்கியாயிற்று, அதை மறைத்து இங்கே கல்யாணம் செய்யப் பார்க்கிறார்கள் என்று நாலு வரி. ஒரு வார்த்தையும் உண்மையில்லை. முந்தைய நிச்சயம் இருப்பதாகப் புகார் வந்தால் விசாரிக்காமல் கல்யாணம் நடத்தக் கூடாது என்பது சபை விதி. அந்த விதிகளுக்கெல்லாம் நல்ல தமிழில் படி எடுத்துக் கொடுத்தவனே நான். கடிதத்தில் பெயர் போடவில்லை. சைக்கிளில் காளவாசல் வரை போய், அந்த நெரிசலில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு தபால் பெட்டியில் போட்டேன். முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு, ஒரு மொட்டைக் கடிதாசி.

வியாழக்கிழமை சாயங்காலம் போதகர் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஆலயத்தின் பக்கத்து அறையில் தனியாக இருந்தார். கடிதத்தை மேசைமேல் என் பக்கம் தள்ளினார். முதல் முறை வாசிப்பவனைப் போல மெதுவாக வாசித்தேன்.

"சார், மொட்டக் கடுதாசிய மதிக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். குப்பையில போட்டுட்டு ஓலைய வாசிச்சிருவேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். அந்தப் புள்ளையப் பத்தி இப்பிடி எதுவும் கேள்விப்பட்டீகளா?"

இல்லை என்று சொன்னால் போதும். எழுதிய பாவம்கூட அந்த அறையோடு செத்திருக்கும். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் பொய். நாக்கு நன்றாகவே புரண்டது.

"எதுக்கும் விசாரிச்சிட்டுச் செய்யிறது நல்லதுதானேங்கய்யா. நாளைக்கு உங்களை யாரும் ஒண்ணு சொல்லிறக் கூடாதுல்ல," என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சொந்தத் தம்பி காரியத்திலும் சபையின் நன்மையைப் பார்க்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு நன்றி சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் மறுநாள் பாடத்தை மற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு நான் நடத்திக்காட்டுவது வழக்கம். அந்த வாரப் பாடம் வேவுகாரர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தயாரிக்க உட்கார்ந்தேன். பதிமூன்றாம் அதிகாரத்தைத் தேடிப் புரட்டும்போது பன்னிரண்டில் கண் நின்றது. எத்தனையோ தரம் வாசித்த பக்கம். அன்றுதான் அதில் மனிதர்கள் இருப்பது தெரிந்தது. தம்பி கட்டிய பெண் வேறு இனம் என்பதுதான் அந்த அக்காளுக்கு உறுத்தல். ஆனால் வாய் திறந்தபோது அவர்கள் சொன்ன நியாயம் வேறு. ஆண்டவர் தம்பியோடு மட்டுந்தான் பேசினாரா, எங்களோடும் பேசவில்லையா என்று கேட்டார்கள். நான் நிச்சயம், பரிசம், சபை விதி என்று நியாயம் தேடிக்கொண்டதைப் போல. அடுத்தாற்போல், ஆண்டவர் அதைக் கேட்டார் என்று இருந்தது. கோபப்பட்டார் என்பதுகூட அப்புறந்தான் வருகிறது. முதலில் கேட்டார், அவ்வளவே. என் அறையின் கதவு திறந்து கிடப்பதுபோல இருந்தது. ஆண்டவர் மூன்று பேரையும் வெளியே அழைக்கிறார், மேகம் இறங்குகிறது. மேகம் விலகும்போது மிரியாமின் உடம்பு முழுக்கக் குஷ்டம் வெளுத்துக் கிடக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் காய்ந்த வடகத்தை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். ஐயா உள்ளதான் இருக்காக. கூப்பிடவா?"

உள்ளே போதகர் யாருக்கோ கடிதம் சொல்லச் சொல்ல எழுதவைத்துக்கொண்டிருந்த குரல் கேட்டது. பத்து அடி தூரம் இருக்கும். நான் அவர் மனைவியிடம் ஒரு டப்பா சாக்பீஸ் கேட்டேன். வகுப்பில் இருந்தது தீர்ந்துவிட்டது என்றேன். அவர் போய் எடுத்துவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். சற்று நேரத்தில், நல்ல தேசத்தைப் பற்றிப் பொல்லாத செய்தி பரப்பிய பத்து வேவுகாரர்களைப் பற்றி வகுப்பு எடுத்தேன். பாடம் அருமையாக இருந்தது என்று சொல்லிப் போனார்கள்.

மூன்றாவது ஓலைக்குப் பெண் வீட்டார் ஊரிலிருந்து வந்து உட்காருவது வழக்கம். மறுநாள் உபதேசியார் கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவில் முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் அவருடைய மனைவி. அந்தப் பெண் அன்று பாடகர் குழுவில் நிற்காமல் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். தம்பி மட்டும் குழுவில் நின்றான்.

அறிவிப்பு நேரம் வந்தது. போதகர் வேறொரு ஜோடியின் முதல் ஓலையை வாசித்தார், தடை உண்டா என்று கேட்டார். பிறகு தாளை மடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். பாட்டு எண்ணைச் சொன்னார். ஆர்மோனியம் உடனே தொடங்கவில்லை. தான்தான் காதில் வாங்காமல் விட்டுவிட்டோமோ என்ற முகத்தோடு உபதேசியார் பாதி எழுந்து, பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ கேட்டு, மறுபடி உட்கார்ந்தார். நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தை விரித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிகிறவரை தம்பியின் வாய் அசையவில்லை.

விசாரணை இரண்டு மாதம் இழுத்தது. பெண்ணின் அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று பேரும் பெண்கள் என்று தெரிந்தது. பெண்ணுக்குத் தாய்மாமனே கிடையாது. போதகர் வெட்கப்பட்டு, ஓலையைத் திரும்ப வாசிக்கிறேன் என்றார். அதற்குள் காளவாசலிலிருந்து வில்லாபுரம்வரை, தெரிந்தவர் வீடுகளில் எல்லாம் அவள் பேர் உருண்டு முடிந்திருந்தது. என் மகள் பேரை அந்த இடத்தில் இனி வாசிக்க வேண்டாம் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். கரிசல் காட்டு ஆலயத்தில் கல்யாணம் நடந்தது. எங்கள் சொந்தத்தில் யாரும் போகவில்லை. நான் போனேன். அண்ணன் ஸ்தானத்தில் நின்றேன். உபதேசியார் தன் கையாலேயே எனக்குச் சோறு வைத்தார். சாதி பார்க்காத பெரிய மனசுக்காரன் என்று அதன்பிறகு சபையில் எனக்குப் பெயர்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கதைகள் எனக்குள் செத்துப்போயின. வெளியே ஒரு மாற்றமும் தெரியவில்லை. குரல் ஏறும் இடத்தில் ஏறியது, இறங்கும் இடத்தில் இறங்கியது, பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறிவிட்டு, தனக்கு இலை போட்டதும் குமட்டுகிறவன் நிலைமை. காலையில் வேதத்தை எடுப்பேன். எந்தக் கதையைத் திறந்தாலும் அந்த இழுப்பறை பூட்டுகிற சத்தம் கேட்கும். மூடிவிடுவேன். தம்பி திருநகரில் வீடு எடுத்துக்கொண்டு போனான். கிறிஸ்மசுக்கு வருவான், அண்ணே அண்ணே என்று பிரியமாகப் பேசுவான். அவள் வந்தால் சமையலறையில் என் மனைவியோடு இருப்பாள். என் முகம் பார்த்துப் பேசியதாக நினைவில்லை. அந்தக் கடிதத்தை யார் எழுதியிருப்பார்கள் என்று தம்பி ஒரு தரம் என்னிடமே கேட்டான். என் மாமன் மகனாக இருக்கும் என்று நினைக்கும்படி ஒரு பார்வை பார்த்தேன். வாய் திறந்து சொல்லவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஒன்பது வருடம் இப்படியே போயிற்று. எண்பதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி, பன்னிரண்டாம் அதிகாரத்தை ஏன் எப்போதும் விட்டுவிடுகிறோம் என்று கேட்டாள். சிறு பிள்ளைகளுக்குப் புரியாது என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் மதியம் என்ன தோன்றியதோ, கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். குஷ்டத்தில் நிறுத்தாமல் மேலே போனேன்.

மீதி எனக்குத் தெரிந்த கதையாகவே இல்லை. மிரியாமுக்காக ஜெபிப்பது யார்? பேச்சு வாங்கிய தம்பிதான். நீளமான ஜெபம்கூட இல்லை. அவளைச் சுகமாக்கும் என்று ஒரு கூப்பாடு. அவள் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருக்க வேண்டியிருந்தது. அந்த ஏழு நாளும் ஜனங்கள் ஒரு அடி நகரவில்லை. போக வேண்டிய தேசம் முன்னால் இருக்கிறது. கைக்குழந்தைகள், ஆடு மாடுகள், வனாந்தர வெயில். புறம் பேசிய ஒரு பொம்பளைக்காக அத்தனை பேரும் கூடாரத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் கிளம்புகிறார்கள். நான் ஒன்பது வருடமாகப் பாதிக் கதையை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறேன். அன்று அழுதேன். பசியும் எடுத்தது, அது நிஜமான பசி. எழுந்துபோய்ப் பழைய சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போதே இன்னொன்றும் புரிந்தது. மிரியாமின் குற்றம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் தம்பியால் அவளுக்காகக் கேட்க முடிந்தது. என் குற்றம் இன்னும் மாமன் மகன் தலையில் இருந்தது. அன்று சாயங்காலமே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு என் சட்டையை எடுத்து நீட்டினாள். பிறகு, இன்றைக்கே போங்கள் என்றாள்.

திருநகர் வீட்டில் தம்பி இல்லை. அவள் முன்னறையில் நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க அத்தான். அவுக காய் வாங்கப் போயிருக்காக."

உட்காராமலே, அந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன்.

"நீங்க எழுதுனது," என்றாள். திருத்துவதை நிறுத்தவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஓலை வாசிக்கலைன்னதும் அம்புட்டுப் பேரும் ஐயரப் பாத்தாக. நீங்க மட்டும் எங்களப் பாத்தீங்க."

தம்பியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவுகளுக்கு இருக்கது ஒரு அண்ணன். நான் சொல்லி அதுவும் இல்லாமப் போச்சுன்னா, அண்ணன் தம்பியப் பிரிச்சவளுன்னு அந்தப் பேரும் எனக்குத்தான வரும்."

நான் வாசித்ததைச் சொன்னேன், மிரியாமை, ஏழு நாளை. தெரியும் என்பதுபோலத் தலையாட்டினாள்.

"அன்னைக்கு பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்குப் போனதும் எங்கப்பா அதத்தான் எடுத்து வாசிச்சாக. குஷ்டம் புடிச்ச எடத்துல, போதும்ப்பா நிறுத்துங்கன்னேன். அப்பா நிறுத்தல. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். எனக்கு அன்னைக்குக் குஷ்டமே போதுமாருந்துச்சு."

ஒரே பக்கத்தில், ஒரே வரியில், அவளும் நானும் வேறு வேறு பக்கமிருந்து வந்து நின்றிருக்கிறோம். இப்போது எப்படி என்று நான் கேட்கவில்லை. வாசலில் சைக்கிள் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"வந்துட்டாக. நீங்களே சொல்லுங்க," என்று நோட்டுகளை அடுக்கினாள். உள்ளே போகவில்லை.

தம்பி காய்ப் பையைக் கீழே வைக்குமுன்பே சொல்லிவிட்டேன். வைத்துவிட்டால் உட்காரச் சொல்வான், காபி வரும், பிறகு என்னால் முடியாது. அவன் பையைப் பிடித்தபடியே கேட்டான்.

"ஐயர் அன்னைக்கு எங்கிட்டச் சொன்னாரு, உங்க அண்ணன்ட்டயும் கேட்டுட்டேன்னு. அவரு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

கடிதத்தைச் சொல்வதைவிட அதைச் சொல்வது கடினமாக இருந்தது. சொன்னேன். அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். அப்போதுதான் பை அவன் கையிலிருந்து இறங்கியது. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"எங்கிட்டச் சொன்னா முடிஞ்சிருமா? அவ பேரு வாசிக்காம நின்னது சபையில. அதே எடத்துல உங்க பேரு வரட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம்."

அப்போது எங்கள் சபைக்குப் போதகர் மாறியிருந்தார். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளற வேண்டும், ஞாயிறு பள்ளியின் பெயர் கெடும் என்றார். கண்காணிப்பாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றதும் ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில், ஓலை வாசிக்கிற இடத்தில் நின்று அரைப் பக்கத் தாளை வாசித்தேன். என்ன எழுதினேன், ஏன் எழுதினேன், அது எவ்வளவு பொய், யாரைப் பற்றியது, போதகர் கேட்டபோது என்ன சொன்னேன். சாதி என்ற சொல்லை வாசித்தபோது ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஆலயத்தில் தம்பியைத் தேடினேன். அவனும் வரவில்லை, அவளும் வரவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது யாரும் என்னோடு பேசவில்லை. மனைவி என் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

அதன்பிறகு காத்திருந்தேன். ஏழு நாள் என்று கணக்கு வைக்க எனக்கு அனுமதியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து, அந்தப் புதிய ஆசிரியை பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை ஜன்னல் வழியாகக் கேட்பேன். பெயர்களை மாற்றிச் சொல்வாள், நடுவில் மறந்து நிற்பாள். ஆனால் எனக்கு ஒவ்வொரு வாரமும் அதில் ஏதோ கிடைத்தது.

ஐந்தாவது மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் தம்பி வந்தான். சட்டை நனைந்திருந்தது. அண்ணி, ஒரு துண்டு குடுங்க என்று என் மனைவியிடம் கேட்டு வாங்கித் தலை துவட்டிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. மழை நிற்கும்வரை ஆபீஸ் கதை, பிள்ளைகள் படிப்பு என்று அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தான். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி, குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"அடுத்த வாரம் அவளையும் கூட்டிட்டு வாரேன். நீங்களா எதுவும் பேச வேணாம். அவ பேசுனாப் பேசுங்க."

சரி என்றேன்.